வீட்டில் நிரப்பிய தோட்டா: குரூப் சின்னதாக வருகிறது, ஆனால் போட்டியில் காலை வாருகிறது

முதல்குறி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பி வருகிறேன். உரிமம், வெடிமருந்து வைத்துக்கொள்ளும் அனுமதி எல்லாம் முறையாக இருக்கிறது. 100 கெஜத்தில் 3 தோட்டா குரூப் (தாளில் துளைகள் பரவும் அகலம்) அரை அங்குலத்துக்குள் அடிக்கடி வருகிறது. அதனால் என் தோட்டா நல்ல தோட்டா என்று நம்பியிருந்தேன்.

போன வாரம் 60 தோட்டாவோடு ஒரு போட்டிக்குப் போனேன். இரண்டு தோட்டாவுக்கு போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கடைசிவரை மூடவே இல்லை, உள்ளங்கையால் தட்டினாலும் இறங்கவில்லை. இன்னொன்று வெடிக்கவில்லை. 600 கெஜத்தில் இடது வலது நன்றாகவே இருந்தது, ஆனால் மேலும் கீழும் பத்து அங்குலத்துக்கு மேல் பரவிவிட்டது. நேரம் வைத்துச் சுடும் போட்டி என்பதால் அந்த மூன்று தோட்டா மொத்த மதிப்பெண்ணையும் கொண்டுபோய்விட்டது.

நான் செய்வது இதுதான். பித்தளைக் கூடுகள் பயிற்சிக் களத்தில் பொறுக்கியது, நாலைந்து கம்பெனி கலந்திருக்கும், சிலவற்றை ஏழு எட்டு முறை சுட்டிருப்பேன். கூட்டின் கழுத்தை (குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதி) மட்டும் அளவாக்குகிறேன், கூடு முழுவதையும் நெருக்கும் முழுநீள டை (அச்சு) போடுவதில்லை. ஸ்டீல் ஊசி போட்டுத் தண்ணீரில் உருட்டிப் பளபளவென்று கழுவுகிறேன். மருந்தை 0.1 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அளவு) காட்டும் டிஜிட்டல் தராசில் நிறுக்கிறேன். குண்டு, குழலுக்குள் ரைஃபிளிங் (சுழல் வரிகள்) தொடங்கும் இடத்துக்கு 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) முன்னால் நிற்கும்படி உட்கார வைக்கிறேன்.

இப்போது அனீலிங் (கூட்டின் கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குவது) மெஷின் ஒன்றும் 0.02 கிரெய்ன் வரை காட்டும் தராசு ஒன்றும் வாங்கலாம் என்று யோசிக்கிறேன். இரண்டில் எது முதலில்?

பித்தளைப்பெட்டி:
இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பிரச்சினை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: கழுத்தை மட்டும் அளவாக்குவது.

சுடும்போது கூடு அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சுவரோடு ஒட்டுமளவுக்கு விரிந்து, அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். முதல் தடவை நன்றாகவே சுருங்கும், அதனால் கழுத்தை மட்டும் சரிசெய்தாலும் மறுபடி சுலபமாக அறைக்குள் போகும். ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கூடு அறையின் அளவை நெருங்கிக்கொண்டே போகும், தோள் (கழுத்துக்குக் கீழே கூடு சரிந்து அகலமாகும் பகுதி) கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும். நாலைந்து சூட்டுக்குப் பிறகு அந்தக் கூடு உங்கள் அறைக்கு அப்படியே வார்த்தது போல இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, அந்தக் காலத்தில் நாங்களும் அதைத்தான் பெருமையாகச் சொல்வோம். ஆனால் தூசி, சூடு, அழுக்கு, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும், போல்ட் மூடாது. போல்ட்டைத் தட்டி மூடினால் அது ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒவ்வொரு விதமாகப் பூட்டிக்கொள்ளும், அங்கேயே துல்லியமும் போய்விடும்.

முழுநீள டையை எடுங்கள். ஆனால் டையோடு வரும் குறிப்பில் சொல்வது போல கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட்டு இன்னும் கால் சுற்று இறக்கிவிடாதீர்கள், அது தோளைத் தேவைக்கு மேல் பின்னால் தள்ளிவிடும். தோள் அளவு பார்க்கும் கம்பேரட்டர் ஒன்று காலிப்பரில் மாட்டிக்கொள்ளுங்கள். பல தடவை சுட்ட கூட்டை எடுத்து, பழைய பிரைமரை, அதாவது அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, தட்டிவிட்டு (அது கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தாலே அளவு பொய்யாகும்), அடியிலிருந்து தோள் வரை எவ்வளவு என்று பாருங்கள். போல்ட் ரைஃபிளுக்கு அதைவிட 1 அல்லது 2 தௌ பின்னால் தள்ளினால் போதும். தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் என்றால் 3, 4 தௌ. முடிந்தால் போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னை (பிரைமரை அடிக்கும் ஊசி) கழற்றிவிட்டு வெறும் கூட்டைப் போட்டுப் பாருங்கள், கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்கும் இடம் எது என்று கைக்கே தெரிந்துவிடும்.

.308-க்கு அறையின் அளவு தரநிலைப்படி 1.630 அங்குலத்தில் தொடங்குகிறது, 1.634 அளவுக் கட்டை (கேஜ்) வைத்தும் போல்ட் மூடினால் சந்தேகப்பட வேண்டும். அதாவது நாம் பேசுவது மொத்தமே நாலு தௌ. டையை அரைச் சுற்று சேர்த்துத் திருகினால் அதைவிடப் பல மடங்கு தாண்டிவிடுவோம். தோளை அதிகம் தள்ளினால் ஒவ்வொரு சூட்டிலும் கூடு அடிப்பகுதிக்குச் சற்று மேலே இழுபட்டு மெலியும், கடைசியில் அங்கேயே வளையமாக அறுந்துவிடும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் கொக்கி போல வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். உள்ளே பள்ளத்தில் நுனி மாட்டினால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

இன்னொன்று, நீளம் அளந்தீர்களா? .308 கூட்டின் அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிக் கொண்டுவர வேண்டியது 2.005. நீளம் கூடினால் வாய் அறையின் முடிவில் இடித்துக் குண்டைக் கவ்விக்கொள்ளும், குண்டு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் எகிறும். போல்ட் மூடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அது வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து.

காலைப்பனி:
வெடிக்காத தோட்டாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. மறுபடி அதே தோட்டாவை அடித்தபோது வெடித்ததா?

முதல்குறி:
ஆமாம், இரண்டாவது அடியில் வெடித்தது. பிரைமர் மோசமான பெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

காலைப்பனி:
அப்படியென்றால் பிரைமர் மோசமில்லை, பிரைமர் முழுவதும் உட்காரவில்லை. முதல் அடியின் பலம் முழுக்க பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது, இரண்டாவது அடிக்குத்தான் அது அடிப்பகுதியில் மோதி நின்று வெடித்தது. கேள்விப்பட்டவரையில் "இரண்டாவது அடியில் வெடித்தது" என்ற கதைகளில் பெரும்பாலானவை இதுதான். பிரைமருக்குள் ஒரு சிறு அன்வில் இருக்கிறது, அதன் கால்கள் குழியின் அடியில் ஊன்றி நின்றால்தான் வெடிக்கலவை நசுங்கும்.

பிரைமர் அடிப்பரப்பிலிருந்து 3 முதல் 5 தௌ உள்ளே இருக்க வேண்டும். விரலைத் தடவினால் சின்னப் பள்ளம் தெரிய வேண்டும், சமமாகவோ மேடாகவோ தெரிந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள். குழியில் கரி படிந்திருந்தாலும் இதே கதிதான். நான் ஒவ்வொரு தோட்டாவையும் பெட்டியில் வைக்கும்முன் விரலால் தடவித்தான் வைப்பேன், 200 தோட்டாவுக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. தானாக ஏற்றிக்கொள்ளும் பல ரைஃபிள்களில் ஃபயரிங் பின் ஸ்பிரிங் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும், போல்ட் மூடும் வேகத்தில் பிரைமரை லேசாகக் குத்திவிட்டுத்தான் நிற்கும். அங்கே துருத்திய பிரைமர் என்றால் விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். அதனால் அந்த வகைக்குக் கடினமான மூடியுள்ள பிரைமர் போடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். அடித்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழல் இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அதைவிட முக்கியம், சத்தம் சொத்தையாகக் கேட்டால், உதை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குண்டு பாதியில் சிக்கியிருக்கும்போது பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். போட்டியில் கடிகாரம் ஓடுகிறது என்பதற்காக இதில் மட்டும் அவசரப்படவே கூடாது.

பொறுக்கிய கூடு என்கிறீர்கள், உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் பாக்சர் வகை. ஓரத்தில் இரண்டு சின்ன ஓட்டை இருந்தால் பெர்டன் வகை, பிரைமரைத் தள்ளும் உங்கள் டையின் ஊசியை உடைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கையான வரலாறு: எட்வர்ட் பாக்சர் ஆங்கிலேயர், ஹைரம் பெர்டன் அமெரிக்கர், இரண்டு பேரும் 1860-களின் நடுவில் தங்கள் தங்கள் முறையைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அமெரிக்கா பாக்சர் முறைக்குப் போனது, ஐரோப்பாவில் பெர்டன் முறை பரவியது. வீட்டில் மறுபடி நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம்.

தராசுமுள்:
நான் துல்லியத்தின் பக்கம் வருகிறேன். முதல்குறி, உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் ரைஃபிள் அரை அங்குல ரைஃபிள் இல்லை. 3 தோட்டா குரூப் அப்படித்தான் சொல்லும்.

ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, எதுவுமே மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 3 தோட்டா குரூப்பின் சராசரி அளவு ஒரு மடங்கு என்றால் 5 தோட்டாவில் அது ஏறத்தாழ 1.27 மடங்கு, 10 தோட்டாவில் 1.6 மடங்கு. கையோ ரைஃபிளோ கெட்டுப்போகவில்லை, அதிகம் சுட்டால் ஓரத்தில் விழுவதும் கணக்கில் வரும், அவ்வளவுதான். இதில் இன்னொரு விஷயம், மூன்று தோட்டாக் குரூப் பத்து சுட்டால் அதில் ஒன்றிரண்டு அழகாக வரும், நாம் அதைத்தான் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோம். மீதி எட்டு "நான்தான் அசைத்துவிட்டேன்" என்று போய்விடும். 60 தோட்டா சுடும் போட்டியில் அந்த எட்டும் வரும்.

வேகத்துக்கும் இதே கணக்குதான். 5 தோட்டா சுட்டு குரோனோகிராஃபில் (வேகம் அளக்கும் கருவி) திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10 அடி/விநாடி என்று வந்தால், உண்மை மதிப்பு 6-லிருந்து 29 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் (95 சதவீத நம்பிக்கையில்). 10 தோட்டா சுட்டால் 7-லிருந்து 18. 20 தோட்டா சுட்டால் ஏறத்தாழ 8-லிருந்து 15. 5 தோட்டாவில் 6 என்று வந்த கலவையையும் 12 என்று வந்த கலவையையும் ஒப்பிட்டு "இதுதான் சிறந்தது" என்று முடிவெடுப்பது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

சரி, 600 கெஜத்தில் ஏன் மேலும் கீழும் பரவியது? 175 கிரெய்ன் குண்டு 2600 அடி/விநாடி வேகத்தில் கிளம்புகிறது என்று எடுத்துக்கொண்டால், 10 அடி வித்தியாசம் 600 கெஜத்தில் ஏறத்தாழ 1 அங்குலம் உயர வித்தியாசம் கொடுக்கும். அதே 10 அடி 100 கெஜத்தில் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதனால்தான் 100 கெஜத்தில் உங்கள் தோட்டா தன் குறையைக் காட்டவே இல்லை. நாலைந்து கம்பெனிக் கூடு கலந்தால் 60, 70 அடி பரவல் வருவது சாதாரணம், 600-ல் அது ஆறேழு அங்குலம். மீதி ரைஃபிளின் சொந்தச் சிதறலும் நம் கையும்.

தராசு பற்றி. .308-ல் 0.1 கிரெய்ன் மருந்து ஏறத்தாழ 5, 6 அடி/விநாடி மாற்றும். சிதறல்கள் நேராகக் கூடாது, வர்க்கமாகத்தான் கூடும். கூடு, பிரைமர், கழுத்துப் பிடி எல்லாம் சேர்ந்து 12 அடி விலக்கம், தராசால் 3 அடி என்றால் மொத்தம் 12.4. நீங்கள் விலை உயர்ந்த தராசு வாங்கித் தராசின் பிழையைச் சுத்தமாக ஒழித்தாலும் 12.4 என்பது 12 ஆகும். அந்த 12-ஐ முதலில் கவனியுங்கள், பெரிய ஓட்டையை விட்டுவிட்டு ஊசித் துளையை அடைத்துப் பயனில்லை.

ஆனால் இப்போது இருக்கும் தராசை நம்பலாமா என்பது வேறு கேள்வி. டிஜிட்டல் தராசு மெல்ல நகரும்: மின்விசிறிக் காற்று, பக்கத்தில் கைப்பேசி, சூடாகாமல் உடனே நிறுப்பது. நிறுக்கும் மருந்தின் எடைக்கு அருகில் ஒரு சோதனை எடைக்கல் வைத்துக்கொண்டு பத்துக்கு ஒருமுறை பாருங்கள். அது நகர்ந்தால் முந்தைய பத்தையும் கொட்டித் திரும்ப நிறுங்கள்.

நீள்தூரம்:
தராசுமுள் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அனீலிங் வேண்டாம் என்று பெரியவர் பித்தளைப்பெட்டி ஒரே வரியில் தள்ளியது சரியில்லை.

கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடிதான் மருந்து எரியத் தொடங்கும் முதல் கணத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு முறை சுட்ட கூடும் எட்டு முறை சுட்ட கூடும் ஒரே டையில் போனாலும் ஒரே அளவில் வராது, கடினமான கழுத்து திரும்ப விரிந்துகொள்ளும். பிடி (குண்டைவிடக் கழுத்து எவ்வளவு சிறியது என்பது) 1 தௌ, 3 தௌ என்று மாறினால் வேகமும் மாறும். தோளைத் தள்ளுவதும் அப்படித்தான், மூத்த கூடு டைக்குப் பணியாது. பெரியவர் சொல்லும் அந்த 2 தௌ எல்லாக் கூட்டிலும் ஒன்றுபோல வர வேண்டும் என்றால் பித்தளை ஒன்றுபோல மென்மையாக இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அனீல் செய்கிறேன்.

கலந்த கூடு பற்றி ஒன்று. ராணுவக் கூடு பொதுவாகத் தடிமன் அதிகம், உள்ளே இடம் குறைவு. கம்பெனிக் கூட்டில் சரியாக இருந்த அதே மருந்து அதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். .308-க்கு அமெரிக்கத் தரநிலையின் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ., அதற்கு அருகில் வேலை செய்யும்போது கூட்டை மாற்றினால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து ஏறி வர வேண்டும். பல ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிக் குழியின் விளிம்பை அடித்து நெருக்கியிருப்பார்கள், அதை வெட்டி எடுக்காமல் போட்டால் காலைப்பனி அக்கா சொன்ன துருத்திய பிரைமர் வரும். உங்கள் அந்த ஒன்று அப்படி வந்ததாகவே இருக்கலாம்.

அப்புறம் ஏணிச் சோதனை செய்தீர்களா? மருந்தைப் படிப்படியாக ஏற்றிச் சுட்டுப் பார்த்தால் சில இடங்களில் வேகம் ஏறாமல் சமமாக நிற்கும், அந்த இடத்தில் நிரப்பினால் எடையில் சிறு பிழை வந்தாலும் பாதிக்காது.

தராசுமுள்:
> சில இடங்களில் வேகம் ஏறாமல் சமமாக நிற்கும்

படிக்கு ஒரு தோட்டா சுட்டால் நிற்கும். அதே ஏணியை மறுநாள் சுட்டுப் பாருங்கள், வேறு இடத்தில் நிற்கும். நான் ஒரே ஏணியை நாலு தடவை சுட்டு நாலு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன், சமதளம் என்று எதுவும் மிஞ்சவில்லை, நேர்கோடுதான் வந்தது. மருந்து கூடினால் வேகம் கூடும். ஏணியால் ஒரு பயன் உண்டு, அது மறுக்க முடியாதது: அழுத்தம் எங்கே எல்லை தாண்டுகிறது என்று படிப்படியாகத் தெரிந்துகொள்ளலாம்.

நீள்தூரம்:
என் ரைஃபிளில் எனக்கு வேலை செய்கிறது. 15 வருடமாக அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன். நாலு தடவை சுட்டுப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், இந்த மாதம் செய்து பார்த்து எண்களை இங்கேயே போடுகிறேன்.

பித்தளைப்பெட்டி:
அனீலிங் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முதல்குறி இன்று இருக்கும் நிலையில் அது முதல் செலவு இல்லை என்றேன். கலப்படக் கூட்டை அனீல் செய்தால் மென்மையான கலப்படக் கூடு கிடைக்கும். செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். கூட்டின் அடி கடினமாக இருப்பதால்தான் அத்தனை அழுத்தத்தைத் தாங்குகிறது, அது மென்மையானால் பிரைமர் குழி விரிந்து வாயு பின்னால் முகத்துக்கு வரும். அடி சூடாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள், மென்மையானதைத் திரும்பக் கடினமாக்க நம்மால் முடியாது.

பளபளப்பு விஷயம். ஸ்டீல் ஊசியில் கழுவினால் கழுத்தின் உள்ளே இருக்கும் மெல்லிய கரிப்படலமும் போய்விடுகிறது. அந்தக் கரிதான் குண்டு வழுக்கி இறங்க உதவுவது. வெறும் பித்தளையும் குண்டின் செம்பு உறையும் நாள்பட ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிரப்பிப் பல மாதம் வைத்திருந்த தோட்டாவில் குண்டை இன்னும் சில தௌ உள்ளே தள்ளிப் பாருங்கள், சிலது "டிக்" என்று சத்தத்தோடு விடுபடும். அந்த டிக் ஒவ்வொன்றும் உங்கள் 600 கெஜ இலக்கில் ஒரு அங்குலம். நீண்ட நேரம் உருட்டினால் வாயும் அடிபட்டுத் தடித்துவிடும். நான் மறுபடி மக்காச்சோளத் தக்கைத் தூளுக்கே போய்விட்டேன், பளபளப்பு குறைவு, கழுத்தில் கரி மிஞ்சும், அது போதும். தண்ணீர்தான் வேண்டும் என்றால் குண்டு வைக்கும்முன் கழுத்துக்குள் கிராஃபைட் தூள் தொட்டு எடுங்கள்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்பு குளிர்காலத்தில் ஒரு கலவையை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். பிரைமர் தட்டையாகவில்லை, போல்ட் சுலபமாகத் திறந்தது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்த அளவிலேயே 150 நிரப்பிவிட்டேன். கோடையில் நல்ல வெயிலில் தோட்டாப் பெட்டி திறந்தபடி இருந்தது. நாலாவது சூட்டில் போல்ட் கைப்பிடி தூக்கவே வரவில்லை, கூட்டின் அடியில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் இருக்கும் பள்ளத்தின் வட்ட அச்சு பளபளவென்று பதிந்திருந்தது. சில மருந்துகள் சூட்டுக்கு அழுத்தத்தை ஏற்றும், சிலது அவ்வளவாக ஏற்றாது. மீதி 146-ஐயும் சுத்தியல் வகைப் பிரிப்பானில் தட்டித் தட்டிப் பிரித்தேன், மூன்று மாலைப்பொழுது போனது. பிரைமர் தட்டையாகவில்லை என்பது அழுத்தம் சரி என்பதற்கு ஆதாரம் இல்லை. அறிகுறி தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள், தெரியாவிட்டால் எதுவும் தெரியாது என்று பொருள். கையேட்டின் உச்ச அளவு எதற்காக இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

புதுவரவு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இனிமேல்தான் தொடங்கப் போகிறேன். நண்பர் ஒருவர் தன் மருந்து அளவைக் கொடுத்தார், அதை அப்படியே போடலாமா? உதை குறைய வேண்டும் என்பதற்காக மருந்தைப் பாதியாக்கலாமா?

காலைப்பனி:
இரண்டுக்கும் கூடாது என்பதே பதில். நண்பரின் அறை வேறு, கூடு வேறு, பிரைமர் வேறு, மருந்தின் தொகுதி வேறு. மருந்து அல்லது குண்டு தயாரிப்பவரின் கையேட்டை எடுத்துத் தொடக்க அளவில் ஆரம்பித்து ஏறுங்கள். பாதியாக்குவது இன்னும் மோசம். மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போட்டதில் ரைஃபிள்கள் வெடித்திருக்கின்றன. உதை குறைய வேண்டும் என்றால் குறைந்த அளவுக்கென்றே சோதித்து வெளியிட்ட மருந்தும் அட்டவணையும் உண்டு, அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

மருந்தின் பெயரில் ஏமாறாதீர்கள். ஹெச்4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் ஒரே எண், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக் கூடாது. 4350-லும் அப்படியே. மேஜையில் எப்போதும் ஒரே ஒரு டப்பா, வேலை முடிந்ததும் மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டுங்கள். மருந்து போட்டதும் 50 கூடுகளையும் பலகையில் வைத்து மேலிருந்து டார்ச் அடித்து மட்டம் பாருங்கள், ஒன்று காலியாகவோ கூடுதலாகவோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டை உலர் தூளில் உருட்டும்போது வரும் தூசியில் அதுவும் இருக்கும். வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் செய்யாதீர்கள். தூளைப் பிரிப்பது வெளியில், முகமூடியோடு. மேஜையில் சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம், முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்தும் பிரைமரும் எவ்வளவு, எங்கே, எப்படி வைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும், அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் கருவி வாங்க வேண்டும்.

முதல்குறி:
ஆறு வாரம் கழித்து வருகிறேன். சொன்னதை எல்லாம் செய்தேன்.

பொறுக்கிய கூடுகளை ஒதுக்கிவிட்டு ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதி, 100 புதுக்கூடு வாங்கினேன். தராசு வாங்கும் பணத்தில் பாதிகூட ஆகவில்லை. முழுநீள டை, தோள் ஒன்றரை தௌ பின்னால். நீளம் எல்லாம் 2.005. கழுத்துக்கு விரிக்கும் உருளை ஒன்று, பிடி 2 தௌ. பிரைமர் எல்லாம் 4 தௌ உள்ளே, ஒவ்வொன்றையும் விரலால் தடவினேன். குண்டு மேகசினுக்குள் அடங்கும் நீளத்தில், அதாவது ரைஃபிளிங்கிலிருந்து 60 தௌவுக்கு மேல் தள்ளி.

மொத்தம் 220 சூடு. மூடாத போல்ட் இல்லை, வெடிக்காத தோட்டா இல்லை. 30 தோட்டாவில் திட்ட விலக்கம் 11 அடி/விநாடி, பழைய கலப்புக் கூட்டில் அதே 30 சுட்டதற்கு 23 வந்தது. 600 கெஜத்தில் 20 தோட்டாவின் உயரம் ஆறரை அங்குலம்.

100 கெஜத்தில் 20 தோட்டாவை ஒரே தாளில் சுட்டேன், ஒன்றேகால் அங்குலம். தாளைப் பார்த்ததும் முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒன்றேகால் அங்குலத்தை எந்த நாளும் நம்பலாம், காற்றைப் படிப்பதில் பிழை எவ்வளவு, ரைஃபிளின் சிதறல் எவ்வளவு என்று இப்போதுதான் பிரித்துப் பார்க்க முடிகிறது.

10 தௌ, 60 தௌ இரண்டிலும் பத்துப் பத்துத் தோட்டாவாக மும்மூன்று குரூப் சுட்டேன், என்னால் வித்தியாசம் காண முடியவில்லை. 60-லேயே நிற்கிறேன், மேகசினிலிருந்து வழுக்கிக்கொண்டு ஏறுகிறது.

நீள்தூரம்:
நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நானும் ஏணியை நாலு தடவை சுட்டேன். முதல் இரண்டில் சமதளம் ஒரே இடத்தில் வந்தது, மூன்றாவதில் நகர்ந்தது, நாலாவதில் இல்லவே இல்லை. இன்னும் இரண்டு சுட வேண்டும். அனீலிங்கை விடமாட்டேன், இந்த 100 கூடும் நாலாவது சூட்டுக்கு வரும்போது உங்களுக்கே தோள் பிடிவாதம் பிடிக்கும், அப்போது பேசுவோம்.

நீங்கள் 168 கிரெய்ன் குண்டா, 175-ஆ? 600 வரை எதுவானாலும் சரி. 1000 கெஜம் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே 175-க்கு மாறுங்கள், .308-ல் பழைய 168 மேட்ச் குண்டு ஒலியின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில் தள்ளாடும்.

முதல்குறி:
175-தான்.

பழைய கூடுகளை என்ன செய்வது? ஏறத்தாழ 300 இருக்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை.

பித்தளைப்பெட்டி:
கூட்டின் அடியில் உள்ள கம்பெனி முத்திரை வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை சுட்டது என்று தெரியாததை எல்லாம் பழைய பித்தளைக்குப் போடுங்கள், போடும்முன் வாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், வேறு யாரும் எடுத்து நிரப்பிவிடக் கூடாது. மீதியில் ஒவ்வொன்றிலும் கிளிப்பை விட்டுப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே வெளியில் மங்கலான வளையம் தெரிந்தால் ஒன்றிரண்டை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள்.

முதல்குறி:
வளையம் தெரிந்தவை ஏழு. நேற்று இரவு ஏழையும் ரம்பத்தால் அறுத்தேன். ஐந்தில் சுவர் ஒரே தடிமனாக இருந்தது, டையின் தேய்ப்புக் கோடுதான் வெளியில் அப்படித் தெரிந்திருக்கிறது. மற்ற இரண்டில் உள்ளே நகத்தால் கீறினால் நிற்கும் அளவுக்குப் பள்ளம், ஒன்றில் சுவர் காகிதம் போல ஆகிவிட்டது. இந்த இரண்டும் முன்பு யாரோ டையை ஆழமாக இறக்கி அளவாக்கியவையாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த போட்டிக்கென்று பழைய முறையில் நிரப்பித் தயாராக வைத்திருந்த பெட்டியில் அதே முத்திரைக் கூடு 22 இருந்தது. எல்லாவற்றையும் இன்று காலை பிரித்துவிட்டேன்.